நிலத்து ஆவாரையும் நிலாவாரையும்

ஆவாரங்காட்டு அதிபதியே, தேனி பஜாரின் நாட்டு மருந்துச் சக்கரவர்த்தியே, என் அக்காவைக் கட்டிய ஒரே பாவத்துக்காக முப்பது வருடம் என் வாயைத் தாங்கிய அன்பு மச்சானே,

அங்கே சுகமா என்று கேட்க மாட்டேன். நான் கோபத்தில் இருக்கிறேன். என் கோபச் சூட்டில் வைகை அணைத் தண்ணீர் கொதித்து, உள்ளே கிடந்த கெண்டையெல்லாம் குழம்பாகி மிதந்துவிட்டது. ஆண்டிபட்டிக்காரர்கள் சோற்றை மட்டும் கொண்டுபோய்ச் சாப்பிட்டு வந்தார்கள். அவ்வளவு கோபம்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் மகன் கதிரேசன் கடையைப் பெரிதாக்கிவிட்டான். ஆவாரம்பூப் பொடி என்று பாக்கெட் போடுகிறான். காலையில் வெந்நீரில் போட்டுக் குடிக்க வேண்டியது. பாக்கெட்டின் முன்பக்கம் நீங்கள்தான் சிரிக்கிறீர்கள். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வேறு. முருகனுக்கே அவ்வளவு பெரிய வட்டம் கிடையாது. அதுவரைக்கும் எனக்குச் சிரிப்புதான்.

பூ விஷயத்தில்தான் வினை வந்தது. ஆவாரை என்றால் ஊருக்கெல்லாம் ஒரே செடி, ஒரே மஞ்சள். உங்களுக்கு மட்டும் அது இருபத்தெட்டுச் சாதி. அணைக்கரைப் பூ ஈரத்தில் ஊதிப்போனது என்பீர்கள். தேவதானப்பட்டி ரோட்டோரப் பூ பஸ் புகை குடித்தே வளர்ந்தது, தொடாதே என்பீர்கள். வருசநாட்டுக் கரட்டு ஆவாரை கசப்பு, அதே வருசநாட்டில் மானாவாரி நிலத்து வரப்பில் நிற்பது பதம். அதற்கு ‘நிலத்து ஆவாரை’ என்று நீங்களே பெயரும் வைத்தீர்கள். வைத்தவர் அதை ஒரு சீட்டில் எழுதி வைத்தீர்களா? மண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, மண்டையோடு போய்விட்டீர்கள்.

கதிரேசன் போனைப் போட்டான். வருசநாட்டில் உங்களுக்குப் பூப் பறித்துக் காயவைத்துத் தரும் பேச்சியம்மாளிடம் ஆர்டர் சொன்னான். ‘நிலத்து ஆவாரை’ என்று முழுசாகச் சொல்ல அவனுக்கு நேரமில்லை. “நில ஆவாரை நாலு மூட்டை. பூவும் இலையுமா சேத்தே காயப்போடுங்க” என்றான். அவன் சொன்ன வேகத்தில் அது நிலாவாரை ஆகிவிட்டது.

நிலாவாரை எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? தரையோடு தரையாகக் கிடக்கும் வேறொரு செடி. அதற்கும் பூ மஞ்சள்தான். மலச்சிக்கல்காரனுக்கு ஒரு சிட்டிகை கொடுத்தால், அவன் வாசல் தாண்டுமுன் வேலையை முடிக்கும் மருந்து. அதை உங்கள் மகன் ஆவாரை என்று இடித்துச் சலித்து, உங்கள் சிரிப்பை முன்னால் ஒட்டி விற்றான்.

ஒரே வாரத்தில் சின்னமனூரிலிருந்து கூடலூர் வரைக்கும் ஒரு கக்கூஸ் காலியில்லை. கம்பம் பள்ளத்தாக்கே ஒரு சுற்று இளைத்துவிட்டது. நானும் பஜாரில் நின்று இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அக்கா விழுந்த அன்றைக்குத்தான் என் சிரிப்பு நின்றது.

ஆமாம் மச்சான். உங்கள் பெண்டாட்டி ஆறு நாள் அதைக் குடித்திருக்கிறாள். வயிறு கழன்று ஓடுகிறது, கண் இருட்டுகிறது, மறுநாள் விடிந்ததும் மறுபடியும் ஒரு டம்ளர். ஏழாம் நாள் அடுப்படியில் சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

“ஏன்க்கா, மொத நாளே நிறுத்த வேண்டியதுதான? ஒனக்குக் கிறுக்கா?”

“அவுக மூஞ்சி போட்டிருக்குல்ல தம்பி. அவுக தந்த மருந்து என்னைக்கு என்னையக் கெடுத்திருக்கு? ஏ ஒடம்புலதேன் கோளாறுன்னு நெனச்சேன்.”

அந்த ஒளிவட்டத்தை அப்படியே பிய்த்து உங்கள் மகன் கழுத்தில் மாட்டலாமா என்று வந்தது எனக்கு.

பேச்சியம்மாளிடம் போய்க் கத்தினேன். அவள் என்னைவிடச் சத்தமாகக் கத்தினாள். “அவுகதான கேட்டாக, நிலாவாரைன்னு! நாலு மூட்டையான்னு ரெண்டு தடவ கேட்டேன். ஊருக்கே பேதிக்குக் குடுக்கப் போறாக போலன்னு நெனச்சேன். எம்மேல பாயிறீகளே!” கதிரேசன் போன் பேசியபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெயர் என் காதில் தப்பாகத்தான் விழுந்தது. வடை சூடாக இருந்தது. விட்டுவிட்டேன். இந்தக் கோபத்தில் பாதி யார் மேல் என்று புரிகிறதா?

மிச்சம் இரண்டு மூட்டை இருந்தது. அதைக் கதிரேசன் கொட்டிவிட்டான் என்றுதான் நினைத்திருந்தேன். கடையில் போய்ப் பார்த்தால், புதிதாக வாங்கிய நல்ல ஆவாரையோடு கலந்துகொண்டிருக்கிறான்!

“பத்துக்கு ஒண்ணுதேன் மாமா. ஒண்ணுந் தெரியாது. லேசா வயிறு சுத்தமாகும், அம்புட்டுத்தேன்.”

“ஏலே, ஆத்தா குளுக்கோஸ் ஏத்திட்டு வந்து படுத்திருக்கு. நீ லேசாங்கிற?”

“பொடிச்சா எது எதுன்னு எவனுக்கு மாமா தெரியப்போகுது?”

பள்ளத்தாக்கு அதிர ஒரு சொற்பொழிவு நிகழ்த்தத்தான் வாயைத் திறந்தேன். இதற்குச் சொற்பொழிவு போதாது மச்சான். நேரே உள்ளே போய் வெந்நீர் வைத்தேன். அவன் கலந்ததில் ஒரு கரண்டி போட்டு, டம்ளரை அவன் முன்னால் வைத்தேன்.

“குடிங்க மருமகனே. லேசாத்தான?”

டம்ளரைப் பார்த்தான். பாக்கெட்டில் இருந்த உங்களைப் பார்த்தான். டம்ளரைத் தள்ளிவிட்டுப் பாக்கெட்டைக் கவிழ்த்து வைத்தான். அப்புறம் மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பின்பக்கக் குழிக்கு இழுத்துப்போய்க் கொட்டித் தண்ணீரை ஊற்றினான். கலந்துவைத்த நல்லதையும் சேர்த்தேதான். சாயங்காலம் போடியில் ஆரம்பித்துக் கம்பம் வரைக்கும் கடை கடையாகப் போன் போட்டான். “எங்க தப்புங்க. பாக்கெட்டத் திருப்பி அனுப்பிருங்க” என்று ஒவ்வொரு தடவையும் முழுசாகச் சொன்னான்.

அக்கா இப்போது தேவலை. முந்தாநாள் மறுபடியும் ஆவாரம்பூத் தண்ணி வேண்டும் என்றாள். நானே வருசநாடு போனேன். பேச்சியம்மாள் திட்டிக்கொண்டே வரப்பைக் காட்ட, இடுப்புயரச் செடியா, காய் நீளமா என்று குனிந்து குனிந்து பார்த்துப் பறித்துவந்தேன். கொதிக்கவைத்து முதல் டம்ளரை நான் குடித்தேன். ஒரு பகல் முழுக்க வீட்டை விட்டு நகராமல் காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கொடுத்தேன்.

இனி எனக்கு உயிருள்ள மட்டும் உங்கள் மூஞ்சியை நம்பி அவள் எதையும் குடிக்க வேண்டாம். நான் முதலில் குடிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மகனுக்குத் தாய்மாமனும், உங்களுக்கு இன்னும் கோபம் ஆறாத மச்சினனும்.