போனில் வராத பதினான்கு நிமிடம்

ஜூலை 2, புதன்

மூன்று கிரையப் பத்திரம், ஒரு விடுதலைப் பத்திரம். நிலத்தில் தனக்குள்ள பங்கை அண்ணன்களுக்கு விட்டுக்கொடுத்து ஒரு தங்கை கையெழுத்துப் போட்டாள். அந்த வாசகத்தை டைப் அடிக்க எனக்கு இப்போதெல்லாம் காகிதத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை.

மதியம் கடத்தூர் தியேட்டர் காசிம் பாய் போன் செய்தார். “எழில், நல்ல போட்டோ ஒண்ணு அனுப்பும்மா. பேனர் அடிக்கணும். பதினொண்ணாந்தேதி ரிலீஸ்.”

போன வருடம் சித்தேரி மலையில் இருபது நாள் படப்பிடிப்பு நடந்தது. விடுதலைப் பத்திரம் எப்படி இருக்கும் என்று பார்க்க டைரக்டர் எங்கள் பத்திர எழுத்தர் பெரியண்ணன் ஐயாவிடம் வந்தார். என்னைப் படித்துக் காட்டச் சொன்னார். இரண்டு நாள் கழித்து, கதாநாயகனின் அக்காவாக நடிக்கிறீர்களா என்று கேட்டார். பேசுவதற்கு ஒரே ஒரு காட்சி; அது போக, எழவு வீட்டுக் கூட்டத்தில் நிற்க வேண்டும். தம்பி பத்திரத்தோடு வருகிறான், அக்கா கையெழுத்துப் போட மறுக்கிறாள். நான்கு நிமிடம், ஒரே ஷாட். ஏழாவது டேக்கில் சரியாக வந்தது.

வீட்டில் இவர் அன்றைக்குச் சொன்னது: “போறதுன்னா போ. என்னைக் கேக்காத.” அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பேனர் வைத்துவிட்டார்கள். கதாநாயகனைவிட என் முகம் பெரிது. பாய்க்கு வியாபாரம் தெரியும். இவருடைய சொட்டுநீர்க் குழாய்க் கடைக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். பார்க்காமல் இருந்திருக்க முடியாது. வந்தார், சாப்பிட்டார், படுத்தார்.

ஜூலை 10, வியாழன்

நாளைக்குப் படம் இல்லை. ஏதோ வழக்காம். தமிழ்நாட்டில் பதினெட்டாம் தேதிக்குத் தள்ளிவிட்டார்கள். வெளிநாட்டில் மட்டும் சொன்னபடி, இங்கே வருவதற்கு ஒரு நாள் முன்னால், இன்றே வெளியீடு; அங்கே ஒப்பந்தம் தனியாம்.

எட்டு நாள்தானே.

ஜூலை 11, வெள்ளி

பக்கத்து வீட்டு ஷாஹீன் தயங்கித் தயங்கி வந்தாள். அவள் கணவர் ஜாவீத் வளைகுடாவில் வேலை செய்கிறார். “அக்கா, அவரு நேத்தே படம் பாத்துட்டாராம். நீங்க வரவே இல்லயாம்க்கா. எழவு வூட்டுல கூட்டத்தோட கூட்டமா முதுகு மட்டும் தெரிஞ்சிச்சாம்.”

அவருக்கு அடையாளம் தெரிந்திருக்காது என்றேன். நான்கு நிமிடம் பேசியவளையா அடையாளம் தெரியாமல் போகும்?

ஜூலை 12, சனி

படம் போனுக்கு வந்துவிட்டது. வெளிநாட்டுத் தியேட்டரில் யாரோ திருட்டுத்தனமாக எடுத்தது. மகள் காவேரியின் பிளஸ் டூ குரூப்பில் லிங்க் வந்திருக்கிறது. இந்தப் பெண் ஆசையில், தான் பார்ப்பதற்கு முன்னாலேயே, “எங்க அம்மா நடிச்ச படம்” என்று எழுதிச் சொந்தக்காரர்கள் குரூப்புக்கு அனுப்பிவிட்டாள்.

திட்டினேன். பிறகு நானும் உட்கார்ந்து பார்த்தேன். மறைப்பானேன்? இதுவரை நான் பார்த்த படங்களில் பாதி இப்படி வந்தவைதான். அதெல்லாம் யாரோ எடுத்த படம், அவ்வளவுதான் வித்தியாசம்.

திரையில் ஒரு ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. நடுவில் ஒரு தலை எழுந்து போனது. தம்பி அக்கா வீட்டு வாசலில் பைக்கை நிறுத்துகிறான். அடுத்தது — மறுநாள் காலை, பஸ். நான் இல்லை. காவேரி மூன்று தடவை பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

“மா, உன்னைக் காணமே...”

இவர் அதே அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “ரசம் இருக்குதா?” என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

குரூப்பில் நாற்பத்தொரு பேர். எல்லாரும் பார்த்தாயிற்று. ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. கிண்டல் செய்திருந்தால்கூடத் தேவலை.

ஜூலை 14, திங்கள்

கிண்டலும் வந்துவிட்டது. ஆபீசுக்கு வரும் புரோக்கர் மாது: “என்னாங்கக்கா, முதுகு நல்லா நடிச்சிருக்குது!” எல்லாரும் சிரித்தார்கள். பெரியண்ணன் ஐயா மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மதியம் மாடியில் நின்று உதவி டைரக்டர் ஜாஸ்மினுக்குப் போன் போட்டேன். பேச ஆரம்பித்ததும் குரல் உடைந்துவிட்டது. எதுக்குடி அழுவுற, வயசு நாப்பத்தொண்ணு ஆவுது உனக்கு என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

“அக்கா, அழாதீங்க. நீங்க படத்துல இருக்கீங்க. படம் நீளம்னு வெளிநாட்டுல வாங்கினவங்க பதினாலு நிமிஷத்தை வெட்டிட்டாங்க. உங்க சீன் அதுல போயிடுச்சு. இங்க வர்றது முழுப் படம்.”

இருக்கிறேன். ஆனால் அது யாருக்குத் தெரியும்? வெட்டிய படத்தைத்தான் ஊரே பார்த்துவிட்டதே.

ஜூலை 15, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டுக் கடத்தூர் போனேன். பேனரில் என் முகத்தை இறக்கச் சொல்லிவிட்டு வருவதாகத்தான் எண்ணம். தியேட்டர் வாசலில் பாய் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“படத்தையே திருப்பிக் குடுத்துடலாம்னு இருக்கன்மா” என்றார். “எல்லா ஊர்லயும் ஒரே நாள்ல வுட்டா, திருட்டுக் காப்பி வர சனி, ஞாயிறு ஆயிடும். அதுக்குள்ள நமக்கு மூணு நாள் கூட்டம் வந்துடும். அங்க முன்னாடி, இங்க பின்னாடின்னா, நடுவுல இருக்கிற நாளெல்லாம் திருடனுக்குத்தான். எட்டு நாள்மா! நம்ம ஊர்ல எடுத்த படம், நம்ம ஊருக்குக் கடைசியா வருது. சனங்க மட்டும் எத்தினி நாளு பொறுப்பாங்க?”

சனங்களில் என் மகளும் உண்டு என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “எங்க வூட்லயும்தான் பாத்தாங்க” என்றார்.

பதினான்கு நிமிட விஷயத்தைச் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதான் கடைசியில அவன் எதுக்கு நிலத்தைப் பிரிச்சுக் குடுக்குறான்னே புரியலயா?” என்று கேட்டவர், உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “ஆண்டி! பெயின்டு டப்பா எடுத்துட்டு வா!”

ஆபரேட்டர் ஆண்டிதான் பேனருக்குக் கீழே ஒரு பலகையில் எழுதினார்: ‘போனில் வராத பதினான்கு நிமிடம் — இங்கே மட்டும்.’

எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூலை 18, வெள்ளி

முதல் காட்சி. நான், காவேரி, ஷாஹீன். எண்பது பேர் இருக்கலாம். பாய் இருபதுதான் எதிர்பார்த்தாராம். இவருக்குக் கடையில் சரக்கு இறங்குகிறதாம்.

என் குரல் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று நினைக்கவில்லை. “கையெழுத்துப் போட மாட்டன் தம்பி. பாசம் இல்லாம இல்ல. நானும் இந்த மண்ணுல வேல செஞ்சவதான்.” இந்த வசனம் வந்ததும் பின்னால் யாரோ ஒரு பெண் “அப்படிக் கேளு!” என்றாள். விசில் இல்லை, கைதட்டல் இல்லை. அந்த ஒரு குரல்தான்.

வெளியே வந்ததும் காவேரி குரூப்பில் எழுதினாள்: “நான் அனுப்பிய படத்தை அழித்துவிடுங்கள். அது முழுப் படம் இல்லை. தியேட்டருக்குப் போங்கள்.” அவளாகவேதான் எழுதினாள்.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று மாலைக் காட்சியில் முக்கால் தியேட்டர் நிறைந்ததாம். இன்று காலையோ, என் காட்சி மட்டும் நான்கு நிமிடத் துண்டாக எல்லார் போனிலும் வந்துவிட்டது. ‘நம்ம பாப்பிரெட்டிப்பட்டி அக்கா’ என்று தலைப்பு. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்கிறார்கள். ஓசூர் சித்தி அழுதேவிட்டார்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இருக்கக் கூடாது என்றும் தெரிகிறது.

ஜூலை 21, திங்கள்

பாய் போன் செய்தார். இன்று இரண்டு காட்சிக்கும் கூட்டம் இல்லை. “அந்தப் பதினாலு நிமிஷம்தாம்மா நம்ம கையில இருந்திச்சு. அதுவும் போச்சு.” அது மட்டுமில்லை. எந்தத் தியேட்டரில் எடுத்தது என்று கண்டுபிடிக்கத் திரையில் ரகசியக் குறி ஓடுமாம். விநியோகஸ்தர் ஆபீசில் கண்டுபிடித்துக் கேட்டிருக்கிறார்கள். பாய் ஆண்டியைச் சந்தேகப்பட்டு, வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆண்டிக்கு அங்கே பத்தொன்பது வருட வேலை.

போனை வைத்துவிட்டு அந்தத் துண்டை முதல் தடவையாக முழுச் சத்தத்தில் கேட்டேன். இரண்டாவது நிமிடத்தில், படம் பிடிக்கும் ஆள் பக்கத்து சீட்காரரிடம் மெதுவாகச் சொல்கிறார்: “எங்க வூட்லதாங்க இது.”

பதினெட்டு வருடமாகக் கேட்கிற குரல்.

ஜூலை 22, செவ்வாய்

ராத்திரி இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் காபியோடு போனையும் முன்னால் வைத்து, அந்த இடத்தை ஓடவிட்டேன். காபி ஆறியது.

“சனிக்கெழமை போனன்” என்றார். “அம்மாவால ஊர்ல, கெட்டுக்காட்டுல இருந்து பஸ் ஏறி வர முடியாதுல்ல. அவங்களுக்குக் காட்டலாம்னு எடுத்தன். தம்பிக்கு அனுப்பினன். அவன் எங்க அனுப்பினான்னு தெரியல.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“என்னான்னு சொல்றது? போவ வேணாங்கிற மாதிரிப் பேசினவன் நானு.” ஆறிய காபியைக் கையில் எடுத்துக்கொண்டு, “நல்லாப் பண்ணியிருக்கிற” என்றார்.

இதைக் கேட்கத்தான் ஒரு வருடமாகக் காத்திருந்தேனோ? ஆனால் கேட்ட அந்த நிமிடத்தில் ஆண்டியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. கிளம்புங்க, பாய்கிட்டப் போலாம் என்றேன். மறுக்காமல் சட்டையை மாட்டினார்.

பாயிடம் இவரேதான் சொன்னார். பாய், “எடுத்தது தப்புதான் நவநீதா. அது கெடக்கட்டும். வியாழக்கிழமையோட படத்தை எடுத்துடப் போறன். அதுக்கப்புறம் அனுப்பியிருக்கக் கூடாதா? நாலு நாள் பொறுக்க முடியலயா உன்னால?” என்றார்.

இவர் தலையைத் தொங்கப்போட்டார். விநியோகஸ்தர் ஆபீசுக்கு நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அங்கிருந்து நேராக ஆண்டி வீட்டுக்குப் போனோம். ஆண்டி எங்களை உள்ளே கூப்பிடவில்லை. இவர் வாசலில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டார்.

ஜூலை 23, புதன்

ஆபீசுக்கு விடுதலைப் பத்திரத்துக்கு ஒரு பெண் வந்தாள். என்னை உற்றுப் பார்த்து, “நீங்கதான அது?” என்றாள். ஆமாம் என்றேன். சிரித்தாள். பிறகு அண்ணன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

பாய் போன் செய்தார். விநியோகஸ்தர் ஆபீசில் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்களாம். ஆண்டி காலையிலேயே வேலைக்கு வந்துவிட்டார். பாயோடு மட்டும் பேசவில்லையாம்.

ஜூலை 24, வியாழன்

கடைசி நாள், மாலைக் காட்சி. எங்களையும் சேர்த்துப் பதினோரு பேர். டிக்கெட்டை இவர்தான் வரிசையில் நின்று வாங்கினார். வரிசை என்று ஒன்றும் இல்லை, இருந்தாலும் நின்றார். என் காட்சி வந்தபோது திரையைத் தவிர எங்கும் திரும்பவில்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன. போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.