அக்கா கிட்டார் வாசிக்கிறாள்

சைதாப்பேட்டை,
ஞாயிறு மாலை.

அன்பு மச்சான் அறிவுக்கு,

உன் மாமா ராஜரத்தினம் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா சுலோச்சனாவும் சௌகரியம். மஸ்கட்டில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். எங்களுக்கு வேறு என்ன வேண்டும்?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உன் சிநேகிதன் வெங்கடேஷ் பெயரை எடுத்தாலே, "டூட்டி கீது மாமா, அப்பால பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். மெஹபூப் பாஷாவின் அண்ணன் மஸ்கட் வருகிறார். அவர் கையில் இதையும் அக்கா இடித்த கருவாட்டுப் பொடியையும் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த மழைக்கு ஆற்றுத் தண்ணீர் நம் தெருவுக்கு வரவில்லை. எனக்கு அடையாறில் ஒரு ஃபிளாட்டில் வயரிங் வேலை நடக்கிறது. அக்கா வழக்கம்போல் தி.நகர் ஜவுளிக்கடையில் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஊரை விட்டுப் போகும்போது, உன் எலெக்ட்ரிக் கிட்டாரை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாய். அக்கா கொடுக்கவில்லை. அதை அவளே பழகிவிட்டாள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

எப்படி ஆரம்பித்தது என்றால், வெங்கடேஷின் அம்மா பேச்சியம்மாள் ஒருநாள் மீன் வாங்க மார்க்கெட்டுக்கு வந்தவர், அப்படியே நம் வீட்டுக்கும் வந்தார். இப்போது ஆதம்பாக்கத்தில் மகளோடு இருக்கிறார். வெங்கடேஷ் தானே கட்டிய பாட்டு ஒன்றை வீட்டில் பாடி, போனில் பதிந்து வைத்திருந்தானாம். அதை அக்காவுக்குப் போட்டுக் காட்டினார். கூட எந்த வாத்தியமும் இல்லை, அவன் குரல் மட்டும்தான். "பாரும்மா, எம்புள்ள ஒண்டியா பாடிக்கினு கீறான்" என்றார். அவர் போனதும் அக்கா பீரோ மேலிருந்த கிட்டாரை இறக்கித் துடைத்தாள்.

கம்பிகள் துருப்பிடித்திருந்தன. உங்கள் குழுவில் கீபோர்டு வாசித்த பாஷாதான் புதுக் கம்பி மாட்டி, சுருதி சேர்க்கச் சொல்லிக்கொடுத்தான். ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் உர்ரென்று ஒரே இரைச்சல். பிளக்கில் எர்த் வயர் விட்டுப்போயிருந்தது, சரிசெய்தேன். என் பங்கு அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவள் பாடு.

முதலில் இ மைனர் என்கிற ஸ்வரக்கூட்டு, அதுதான் நீங்கள் கார்டு என்பது. இரண்டு விரல் வைத்தால் போதும், ரொம்ப சுலபம் என்றான் பாஷா. அந்த இரண்டு விரலும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு கம்பி ஒலித்தால் பக்கத்துக் கம்பி செத்துக் கிடக்கும். விரல் கொஞ்சம் சாய்ந்தாலும் 'டொக்'கென்று மரத்தைத் தட்டிய மாதிரி சத்தம். இடது கை நகங்களை ஒட்ட வெட்டினாள். விரல் நுனியெல்லாம் சிவந்து கோடு விழுந்தது. மீன் கழுவினால் உப்புப் பட்டு எரியும். அப்போதும் கையை உதறிவிட்டுத் திரும்பக் கிட்டாரை எடுப்பாள்.

அப்புறம் ஏ மைனர், சி, ஜி. தனித்தனியாக வந்துவிட்டது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குள்தான் பாட்டு எங்கோ போய்விடும். உனக்குத் தெரியாததா? காலையில் மாம்பலம் ரயிலில் குடைக் கம்பைக் கிட்டார் கழுத்து மாதிரி பிடித்துக்கொண்டு விரல் மாற்றிப் பார்ப்பாள். எதிர் சீட்டுக்காரர்கள் முறைத்தால், கூடப் போகிற நாளில் எனக்குத்தான் கூச்சம். அவளுக்கு ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும்விட அந்த எஃப் கார்டுதான் அவளை அழவைத்தது. ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து எல்லாக் கம்பிகளையும் ஒரேயடியாக அமுக்க வேண்டுமாமே! கட்டைவிரல் மூட்டு வீங்கிப்போய், தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனாள். பாஷாவுக்கே மனசு கேட்கவில்லை. "அக்கா, சுருதிய எறக்கிக்கலாம். அப்ப எஃப்பே தேவையில்ல, எல்லாம் ஈசியா வந்துடும்" என்றான். அதற்கு இவள், "நாம எறக்கிக்கலாம்டா. வெங்கடேசு எறக்கிக்கினு பாடுவானா?" என்றாள். அவள் யாருக்காகப் பழகுகிறாள் என்று எனக்கும் அப்போதுதான் புரிந்தது.

ஒருநாள் காலையில் நான் ஷேவ் செய்துகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து எஃப் முழுசாகக் கேட்டது, ஒரு கம்பிகூட மங்கவில்லை. "யோவ், கேட்டியா?" என்று கத்தினாள். முகத்தில் சோப்போடு ஓடிப்போய்ப் பார்த்தால், கையை எடுக்கவே பயந்து அப்படியே பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும், இவளைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டோமே என்று பட்டது.

இன்று காலை ஆதம்பாக்கம் போனோம். ஆம்ப்ளிஃபயரை ஸ்கூட்டரில் வைத்து நான் ஓட்ட, அவள் கிட்டாரோடு பாஷாவின் வண்டியில் வந்தாள். பேச்சியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பாஷா போனை ஸ்பீக்கரில் சேர்த்துப் பாட்டைப் போட்டான். அந்தக் குரல் அறைக்குள் வந்ததும் அக்கா போனையே பார்த்துவிட்டாள். முதல் வரி தப்பிப்போனது. "இன்னொரு தபா போடு" என்றாள். இரண்டாவது முறை அவன் பாட, இவள் கூடவே போனாள். பெரிய வாசிப்பெல்லாம் இல்லை மச்சான், வெறும் அஞ்சு கார்டுதான். ஆனால் அவன் தனியாகப் பாடுகிற மாதிரி இல்லை.

பாட்டின் பாதியில் வெங்கடேஷ் நிறுத்திவிட்டு, "இங்க அறிவு வாசிப்பான், நான் சும்மா நிப்பேன்" என்று சிரிக்கிறான். அக்கா கம்பிகளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். போனில் அவன் வீட்டு ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் மறுபடி பாட ஆரம்பித்ததும் இவளும் சேர்ந்துகொண்டாள்.

முடிந்ததும் பேச்சியம்மாள் கிட்ட வந்து அக்காவின் இடது கையைப் பிடித்து, காய்த்துப்போன விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார். "நடுவுல ஏம்மா வுட்டுட்டே?" என்று கேட்டார்.

"அது தம்பி எடம் அத்தே."

பேச்சியம்மாள் அவள் கையை விடவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "அப்ப அறிவ வரச் சொல்லுப்பா. ஈ.சி.ஆர். ரோட்ல லாரிக்காரன் வந்து இடிச்சதுக்கு இவன் இன்னா பண்ணுவான்? வண்டி ஓட்டினது இவன்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருப்பேனா? ஒரு புள்ள போய்ட்டான். இன்னொருத்தன் ஏன் என் வூட்டுப் படி ஏற மாட்டேங்கறான்?" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவர் உன்னைப் பார்த்து ஒன்றும் பேசாமல் போனதை நீ வேறு மாதிரி எடுத்துக்கொண்டாய் போல. அவருக்கு அப்போது பேச்சு வரவில்லை, அவ்வளவுதான்.

உன்னைக் கட்டாயப்படுத்தி எழுதக் கூடாது என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அதனால் வா என்று நான் எழுதவில்லை. லீவு எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்டுச் சொல். ஏர்போர்ட்டிலிருந்து ஆதம்பாக்கம் கிட்டத்தான். வண்டியை நான் ஓட்டுகிறேன், நீ பின்னால் உட்கார்ந்துகொண்டால் போதும். உள்ளே போகும்போது கூட வரச் சொன்னால் வருகிறேன், வேண்டாமென்றால் வாசலிலேயே நிற்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டுமப்பா.

உன் மாமா,
ராஜரத்தினம்