ஓட்டலின் கடைசிக் கதவு

5.8.1979
அம்மா ஆஸ்பத்திரிக்கு ராத்திரி டூட்டிக்குப் போய்விட்டாள். தாழ் போட்டு, விளக்கைச் சின்னதாக்கி எழுதுகிறேன். எண்ணெய் வீணாவது தெரிந்தால் திட்டுவாள். இன்றைக்கு எதிர் அறைக் கதவையும் கழற்றிவிட்டார்கள். இந்தப் பழைய ஓட்டலை வாங்கியவர் காலி செய்யச் சொல்லிச் சலித்துப்போய், கதவு கதவாகப் பிடுங்குகிறார். மிச்சம் இருப்பது நாங்களும் பெர்னதெத் பெரியம்மாவும்தான்.

9.8.1979
பெரியம்மா சின்ன வயதில் இங்கே படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவர். பிரெஞ்சுக் கப்பல் கப்பித்தான்கள் தங்குவார்களாம். எங்கள் அறையில் இருந்தவன் காக்கைக்கு ரொட்டி போடுவானாம். அவர்கள் போனதும் அரிசிக் கிடங்கு. அப்புறம் மில் ஆட்களுக்கு அறை அறையாக வாடகை. செத்துப்போன அப்பாவும் அப்படி வந்தவர்தான்.
"அப்பல்லாம் தட்டாம உள்ள போனா வேலை போயிடும். இப்ப தட்டறதுக்கே கதவு இல்ல" என்று பெரியம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

14.8.1979
பெரியம்மா முதலியார்பேட்டைக்குப் போய்விட்டார். எங்களையும் கூப்பிட்டார்.
"ஆஸ்பத்திரி இங்கருந்து நாலு எட்டு. என் கதவு இருக்கற வரைக்கும் நவுர மாட்டேன்" என்றாள் அம்மா. பிறகு என்னிடம், "பயமாடி, அஞ்சலை?"
இல்லை என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

16.8.1979
மாடியில் சத்தம். காற்றுதான். காற்றா?

19.8.1979
அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது கதவுகளைக் கழற்றும் தச்சர் காத்தவராயன் வந்தார்.
"அம்மா இல்லியா பாப்பா? பொட்டப்புள்ள இருக்கற வூடு. அவங்க இருக்கும்போது வரேன்."
திரும்பிப் படி இறங்கினார். இன்னிக்கி ராத்திரியும் நான் மட்டும் தனியா, நாளைக்கும், அதுக்கப்புறமும்—
"கதவ எடுத்துக்குங்க. அம்மாதான் சொல்லச் சொன்னாங்க" என்று சொல்லிட்டேன்.
என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கீலைக் கழற்ற ஆரம்பித்தார்.
அம்மா வந்து கேட்டபோது அழுதேன். மிரட்டி எடுத்துவிட்டார்கள் என்று அவளே முடிவு செய்தாள். நான் மறுக்கவில்லை.

26.8.1979
பெரியம்மா வீடு. ஒரே அறையில் ஆறு பேர். யாரோ குறட்டை விட, எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது. அம்மாதான் ஆஸ்பத்திரிக்கு அவ்வளவு தூரம் நடக்கிறாள். கால் வீங்கியிருக்கு.

9.9.1979
அம்மாவோடு போகும்போது காத்தவராயன் எதிரே வந்தார். அம்மா நடுத்தெருவில் அவரை நிறுத்திவிட்டாள்.
"ஆள் இல்லாத நேரத்துல புள்ளைய மிரட்டிக் கதவ எடுத்துனு போனியே, நீயெல்லாம் மனுஷனா?"
கூட்டம் கூடிவிட்டது. சொல்லிடுவாரு, இப்ப சொல்லிடுவாரு—
அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.
"தப்புதான் தாயி" என்றார்.
அம்மா வீடு வரும்வரை என் கையை விடவில்லை.