இடப்பக்கச் சுவரில் இருப்பது சூரியன்தான்

லுக்ஸர்,
மார்ச் 12

அன்புள்ள நெவீன்,

நான் சுகமாயிருக்கிறேன். முழங்கால்கள் இரண்டும் அவற்றின் வயதுக்கு ஏற்ற சுகத்தில் இருக்கின்றன. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் அந்தப் பனியில் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் ஜெபிக்கிறேன். மற்றதெல்லாம் எழுதுவதற்கு முன் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். உன் அத்தை சுஆத் தொலைபேசியில் சொன்னாளே, எனக்கு இடது வலது மறந்துவிட்டது, சுற்றுலா விருந்தாளிகளின் முன்னால் உளறினேன், அலுவலகத்தில் என்னை வேலையிலிருந்து நிறுத்தப்போகிறார்கள் என்று, அதில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை. அதைக் கேட்டுத்தான் நீ மே மாதம் வந்து வீட்டைப் பூட்டி என்னை மொன்ட்ரியாலுக்குக் கூட்டிப்போவதென்று முடிவு செய்தாய் என்பது எனக்குத் தெரியும். சுஆத் அதற்குள் என் கண்ணாடி அலமாரியை யாருக்குக் கொடுக்கலாம் என்று விசாரித்துவிட்டாள். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ராஜாக்களின் பள்ளத்தாக்கில் வழிகாட்டிகள் கல்லறைக்குள் போய் விளக்கக் கூடாது என்ற விதி உனக்கு நினைவிருக்கும், நீ சின்னவளாக இருந்தபோது என்னோடு வந்து வெளியே நிழலில் உட்கார்ந்திருப்பாய். எல்லாவற்றையும் வாசலிலேயே, அங்கே நட்டிருக்கும் படப்பலகை முன்னால் நின்று சொல்லிவிட வேண்டும். விருந்தாளிகள் மட்டும் உள்ளே போய், சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்து வருவார்கள். முப்பத்தெட்டு வருடமாக நான் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றுதான் சொல்லி வருகிறேன், ஏனென்றால் பேசும்போது கேட்கிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று பள்ளியில் கன்னியாஸ்திரிகள் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், அதைவிடப் பெரிய காரணம், எனக்குப் பலகை தேவைப்பட்டதில்லை. இலையுதிர் காலத்தில் சில பலகைகளைப் பெயர்த்தெடுத்துப் புதிதாக அச்சடித்து ஜனவரி கடைசியில் திரும்ப நட்டார்கள். ராம்ஸேஸ் என்ற பெயருள்ள ராஜாக்களில் ஒருவருடைய கல்லறை, எது என்று எழுதமாட்டேன், பலகையைச் செய்தவர்களுக்குச் சங்கடம் வேண்டாம். அங்கே நான் பிரான்ஸின் நாந்த் நகரத்திலிருந்து வந்த ஒரு தம்பதிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில் ராஜா சூரியதேவன் முன்னால் நிற்பார், வலப்பக்கச் சுவரில் பாம்புகளும் படகும் என்று. பக்கத்தில் ஹைதம் தன் கூட்டத்துக்கு அதே பிரெஞ்சில் நேர்மாறாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஹைதமை உனக்குத் தெரியாது, புதிய வழிகாட்டிகளில் கெட்டிக்காரன், வாய் நீளம், காலணி எப்போதும் பளபளக்கும். நாந்த்காரர் இரண்டையும் கேட்டுக் குழம்பி, யார் சொல்வது சரி என்றார். ஹைதம் பலகையைக் காட்டினான். நான் திரும்பிப் பார்த்தேன். பலகையில் இடது என்ற சொல்லுக்குக் கீழே பாம்புகள்தான் இருந்தன.

நெவீன், உனக்கு மட்டும் சொல்கிறேன், அந்த நிமிடம் நான் என்னையே சந்தேகித்தேன். வரிசை நீளமாக இருக்கிறது, வேறு கல்லறைக்குப் போகலாம் என்று அந்தத் தம்பதியே சொல்லிவிட்டார்கள், நானும் சரி என்றேன். மறுநாள் காலை டிக்கெட் சாவடியில் நின்றபோது ஹைதம் எல்லாருக்கும் கேட்கும்படி, "மதாம், இன்னிக்கு இடது எந்தப் பக்கம் இருக்கு?" என்றான். சிரித்தார்கள். நம் ஓட்டுநர் கலஃப் மட்டும் சிரிக்காமல் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த வாரத்திற்குள் செய்தி படகுத்துறை, தேவாலயம், சுஆத் என்று போய் உன்னை அடைந்துவிட்டது. நீ கேட்கலாம், அம்மா, நீங்களே உள்ளே போய் ஒரு தடவை பார்த்திருக்கலாமே என்று. பார்த்திருக்கலாம், பேசாமல் போய்வர யாருக்கும் தடையில்லை. ஆறு வாரம் நான் போகவில்லை. பயம்தான். உன் அப்பாவின் அம்மாவுக்கு மறதி எப்படி ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும், உப்பு எது சர்க்கரை எது என்பதில்தான் ஆரம்பித்தது. வீட்டில் கரண்டியைக் கையில் எடுத்தால் இது வலதுதானே என்று கேட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டேன். அந்தக் கல்லறையை மட்டும் விருந்தாளிகளுக்குச் சிபாரிசு செய்யாமல் தவிர்த்து வந்தேன், யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன், எங்கள் அலுவலக முதலாளி ஹில்மி கவனித்துவிட்டார்.

ஹில்மி, முன்பு அலுவலகத்தை நடத்திய தன் அப்பாவைப் போல அல்ல, இருந்தாலும் மரியாதை தெரிந்தவர். போன வியாழன் வீட்டுக்கே வந்து, எனக்கு ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு என்று தெரிந்து பால் சேர்க்காத பிஸ்கட் வாங்கி வந்து, அரை மணி நேரம் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னார்: "சனிக்கிழமை ஒரு பெல்ஜியம் அம்மா வர்றாங்க, தனியா, முழு நாள். நானும் கூட வரேன். அத முடிச்சிட்டு நீங்க கொஞ்சம் ஓய்வு எடுங்க, மதாம்." கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. பிஸ்கட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன், நமத்துப் போயிருந்தது.

வந்தவரின் பெயர் ஓடில், லியேஜ் நகரம், எழுபத்து மூன்று வயது, எனக்கு ஒரு வயது இளையவர். நாற்பது வருடம் தையல் கூடத்தில் துணி வெட்டியிருக்கிறார். காரில் ஏறியதும் என் கோட்டின் தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்து யார் தைத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். பரவாயில்லை என்றார், பாராட்டை வாரி இறைக்கிற ஆள் இல்லை, எனக்கு உடனே பிடித்துவிட்டது. காலையில் ஹாத்ஷெப்ஸுத் ராணியின் கோயில் ஏறி இறங்கினோம், ஹில்மி மூன்றாம் தளத்தில் மூச்சு வாங்கினார், நான் வாங்கவில்லை. பிறகு பள்ளத்தாக்கு. டிக்கெட்டுக்கு மூன்று கல்லறை பார்க்கலாம், எது வேண்டும் என்று கேட்டேன். ஓடில் தன் புத்தகத்தில் குறித்து வைத்திருந்த ஒன்றைக் காட்டினார். அதேதான்.

வாசலுக்குப் போனால் ஹைதம் பதினைந்து பேரோடு நிற்கிறான், இன்னும் நாலைந்து வழிகாட்டிகள் அவரவர் கூட்டத்தோடு. ஹில்மி என் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பலகையில் உள்ளதை அப்படியே வாசித்திருந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள், அலுவலகத்தில் இன்னும் இரண்டு மூன்று வருடம் தள்ளியிருக்கலாம், நீயும் என்னைக் கூட்டிப்போகும் யோசனையை விட்டிருப்பாய். அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் கண்ணை மூடினால் அந்தச் சுவர் எனக்குத் தெரிகிறதே, சூரியதேவனின் பருந்து முகமும் அதன் மேல் சிவப்பு வட்டமும், நுழைகிறவரின் இடது தோள் பக்கம். அது இல்லை என்று என் வாயால் எப்படிச் சொல்வேன். பலகைக்கு முதுகைக் காட்டி நின்று, இடப்பக்கச் சுவரில் சூரியதேவன், வலப்பக்கச் சுவரில் பாம்புகள் என்று எப்போதும் போலச் சொன்னேன். ஹைதம் தன் கூட்டத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். ஹில்மி தரையைப் பார்த்தார். ஓடில் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போனார். நீங்களும் போங்கள் என்று ஹில்மியிடம் சொன்னேன். அவர் அந்தக் கல்லறைக்குள் கடைசியாகப் போனது பதினோரு வருடத்துக்கு முன்னால், அதை அவரே பின்னால் ஒப்புக்கொண்டார்.

நான் கல் பெஞ்சில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வெளியே முதலில் வந்தது ஓடில். நேராகப் பலகைக்குப் போய் விரலால் தட்டி, "இதை யார் செஞ்சது? இடமும் வலமும் மாறியிருக்கே" என்றார். ஹைதம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான், திரும்பி வெளியே வரும்போது பார்த்தால் அப்படித்தான் தெரியும், மதாம், பலபேர் இப்படிக் குழம்புவார்கள் என்று. அவனுடைய விருந்தாளிகள் யாராவது கேட்டால் ஆறு வாரமாக இதைத்தான் சொல்லி வந்திருக்கிறான், மற்ற எல்லாரும் அதையே சொல்லி வந்திருக்கிறார்கள், கேட்டவர்களும் வெயிலில் தலையாட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார்கள். ஓடில் அவனை மேலும் கீழும் அளந்தார். "தம்பி, நான் நாப்பது வருஷம் சட்டைக்குக் கை வெட்டினவ. இடது கை எது வலது கை எதுன்னு எனக்குச் சொல்லாதே. உள்ளே போறப்பவே பார்த்தேன். இந்தம்மா சொன்னதுதான் சுவர்ல இருக்கு."

அப்போது ஹில்மி வெளியே வந்தார். முகத்தில் வியர்வை. ஹைதமைப் பார்த்து, "போ, போய்ப் பாத்துட்டு வா" என்றார். அவன் போனான். அவன் திரும்பி வருவதற்குள் இன்னொருவன் போனான், பிறகு மற்றவர்கள், கடைசியில் பக்கத்துக் கல்லறை வாசலில் நின்றவர்கள்கூட வந்துவிட்டார்கள். டிக்கெட் கிழிக்கும் கிழவர், "இத்தனை கைடுங்க உள்ளே போய் நான் பாத்ததே இல்ல, என்ன, ராஜா எந்திரிச்சுட்டாரா?" என்றார். பேசக் கூடாத இடம் என்பதால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு போய் வாயை மூடிக்கொண்டே வந்தார்கள், நெவீன், நீ அதைப் பார்த்திருக்க வேண்டும். ஹைதம் என் முன்னால் வந்து நின்றான், காலணியெல்லாம் தூசி. "மதாம், பலகைதான் தப்பு. ஆறு வாரமா நானும் தப்பாச் சொல்லிட்டேன்." இன்றைக்கு இடது எந்தப் பக்கம் என்று கேட்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, கேட்கவில்லை, என் பையிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். ஆனால் சிரிக்காமல் இருந்தேன் என்று சொல்லமாட்டேன்.

அடுத்த கால் மணியில் மேற்பார்வையாளர் வந்தார், அவரும் உள்ளே போய் வந்தார். பலகையைப் பெயர்க்க ஆள் வரும்வரை தற்காலிகமாக ஏதாவது எழுதி ஒட்ட வேண்டும், யார் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கேட்டார். ஹைதம்தான் என்னைக் காட்டினான். அரபி, பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் இடது வலது என்று எழுதிக் கொடுத்தேன், கோடு போடாத தாளில் கோடு போட்டதைப் போல வரிகள். இன்றுவரை அந்தத் தாள்தான் அங்கே ஒட்டியிருக்கிறது, விருந்தாளிகள் படம் எடுக்கிறார்களாம். மதியம் மதீனத் ஹாபு கோயிலில் ஓடிலும் நானும் அவித்த மொச்சையும் வெயிலில் புளிக்கவைத்த ரொட்டியும் சாப்பிட்டோம், ஹில்மி எங்கள் இருவருக்கும் பரிமாறினார். இனி பிரெஞ்சு பேசுகிற தனி விருந்தாளிகள் எல்லாரும் உங்களுக்குத்தான் என்றார். வாரத்துக்கு மூன்று நாள்தான் வருவேன், ஞாயிறு பூசை முடியும்வரை என்னைக் கூப்பிடக் கூடாது, காரில் குளிர்சாதனம் வேலை செய்ய வேண்டும் என்றேன். கடைசி நிபந்தனைக்கு மட்டும் யோசித்தார், பிறகு அதற்கும் சரி என்றார்.

சுஆத் ஞாயிறு மாலை ஒரு தட்டில் காய் திணித்த திராட்சை இலை கொண்டு வந்தாள். மன்னிப்பு கேட்கவில்லை, "நான் அப்பவே சொன்னேன், ஃபெரியாலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு" என்றாள். சாப்பிட்டேன், நன்றாகச் செய்திருந்தாள். நீ அவளிடம் கோபித்துக்கொள்ளாதே, அவளும் பயந்துதான் உனக்குச் சொன்னாள். நான் பயந்ததை யாரிடமும் சொல்லவில்லை, அது என் தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன். உன் மனநிம்மதிக்காக ஈஸ்டருக்குப் பிறகு மருத்துவரிடம் போய்த் தலையைக் காட்டிவிட்டு அவர் எழுதித் தருவதை உனக்கு அனுப்புகிறேன். ஒன்று இருந்தால் மறைக்கமாட்டேன், அப்போது மொன்ட்ரியாலைப் பற்றிப் பேசலாம். குழந்தைகளுக்கு டப்பாவில் அடைத்த சூப் கொடுக்காதே. பெரியவனின் பிரெஞ்சில் பெண்பால் ஆண்பால் கலந்துபோகிறது, கவனி. உலர்ந்த முலுக்கியா கீரையும் செம்பருத்தி இதழும் கலஃபின் தங்கை மகள் கையில் அனுப்பியிருக்கிறேன், இருபதாம் தேதி வருகிறாள், விமான நிலையத்தில் காக்க வைக்காதே.

கடவுளும் கன்னி மாதாவும் உன் வீட்டுக் கதவைக் காக்கட்டும். உன் பிள்ளைகள் உனக்குத் தரும் கவலை நீ எனக்குத் தந்ததைவிடக் குறைவாக இருக்கட்டும். மே மாதம் என்னைக் கூட்டிப்போகும் யோசனையைக் கைவிட்டாயா, அல்லது விருந்தாளியாக வந்து என்னோடு கல்லறைகளைச் சுற்றிப் பார்க்கப்போகிறாயா என்று எனக்குத் தெரிய வேண்டும். குரல் பதிவு வேண்டாம். உன் கையால் எழுதிப் பதில் போடு.

இப்படிக்கு உன் அம்மா,
ஃபெரியால் நஸீம்