இசைத்தட்டில் ஒரு வளையல்

துபாய்,
9-10-1975

அன்புள்ள அப்பாவுக்கு,

நளினி நமஸ்காரம். பத்திரமாக வந்து சேர்ந்தேன். கார்மேகத்துக்குக் கம்பெனியில், இங்கே தேரா என்ற பகுதியில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். ஏ.சி. ஓயாமல் உறுமுகிறது. அது எந்தச் சுருதி என்று உங்கள் காதுக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் கல்யாணத்தன்று ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டேன். அம்மா இல்லாத வீட்டில் வேளைக்குச் சாப்பிடுங்கள். இரண்டு வரி எழுதினால் போதும்.

நளினி


துபாய்,
18-1-1976

அப்பா,

பதில் இல்லை. ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று இங்குள்ள தமிழர்கள் பொங்கல் விழா நடத்தினார்கள். கட்டட சைட்டில் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து ஓர் ஆர்கெஸ்ட்ரா. நீங்கள் ஸ்டூடியோவில் ஹவாயன் கிட்டார் வாசித்த அந்த மெட்டு, பாட்டே இல்லாமல் வாத்தியம் மட்டும் வந்து ஊரெல்லாம் ஒலித்ததே, அதை எடுத்தார்கள். கடைசி வரியில் ஒருவர் எழுந்து நின்று, கை நிறையக் கண்ணாடி வளையலைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்தார்!

முடிந்ததும் கிட்டார் வாசித்த நாகலிங்கத்திடம், "வளையல் எதுக்கு?" என்றேன்.

"ரெக்கார்டுல அப்படித்தானே இருக்கு மேடம்? விட்டுட்டா கேம்ப்புல நம்ம தோலை உரிச்சுடுவானுங்க."

"கிட்டார் வாசிச்சது யாருன்னு தெரியுமா?"

"கவர்ல ஆர்கெஸ்ட்ரா நடத்துனவர் பேரு மட்டும்தான் போட்டிருக்கு."

கார்மேகம் என் காதில், "சொல்லேன், அது உன் வளையல்னு" என்றார்.

அந்த ரெக்கார்டிங் அன்று அம்மாவுக்குக் காய்ச்சல் என்று என்னையும் அழைத்துப் போனீர்கள். சிவப்பு விளக்கு எரியும்போது மூச்சுகூட விடக்கூடாது என்றீர்கள். எல்லோரும் ஒரே மைக்கைச் சுற்றி வாசித்து முடிக்கிற நேரத்தில் என் கை அசைந்துவிட்டது. நடத்துனர் கத்தினார். முதலிலிருந்து மறுபடி வாசித்தீர்கள். அது சுத்தமாக வந்தும், வளையல் சத்தம் விழுந்ததையே ஏன் வெளியிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நாம் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

நாகலிங்கத்திடம் நான் சொல்லவில்லை. சொன்னால் யார் மகள் என்றும் சொல்லவேண்டும். உங்களைக் கேட்காமல் அதை எப்படிச் சொல்வேன்?

நளினி


சென்னை,
6-2-1976

சௌபாக்கியவதி நளினிக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

முதல் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இப்போது நீ கேட்டதற்கு மட்டும் சுலபமாகப் பதில் வருகிறது.

நடத்துனர் இரண்டாவதைத்தான் எடுத்து வைத்தார். எல்லோரும் கிளம்பிய பிறகு நான் போய், முதலாவதைப் போடச் சொன்னேன். "என்னய்யா, வளையல் விழுந்திருக்கு!" என்றார். "விழட்டும் சார். என் பேரைத்தான் போடமாட்டேங்கறேள். எங்காத்துச் சத்தம் ஒண்ணாவது இருக்கட்டுமே" என்றேன். சிரித்துவிட்டு மாற்றினார்.

யார் மகள் என்று தாராளமாகச் சொல். கூட நிற்பவர் யார் என்று கேட்டால், சீதாராமனின் மாப்பிள்ளை என்று சொல்.

அப்பா

நாகலிங்கத்திடம் இன்னொன்றும் சொல். வளையல் ஒரு தரம் இல்லை, இரண்டு தரம் குலுங்கும். இரண்டாவது ரொம்ப லேசாகக் கேட்கும். பயந்துபோய்க் கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாயே, அது.