மச்சான் பிரிக்காத மண்ணிறப் பம்ப்

மச்சான்,

இறக்கக்கண்டியிலிருந்து ஓட்டை விழுந்த ஃபைபர் படகொன்று இன்றைக்குத் திருத்த வந்தது. ரெசின் தகரத்தைத் திறந்ததும் அந்த வாடை மூக்கில் ஏறியது. உன் நினைவும் வந்தது, எரிச்சலோடு. "செத்துப்போன அண்ணனை ஏன் இன்னும் திட்டுறியள்?" என்கிறாள் உன் தங்கை. உயிரோடு இருந்தபோது திட்டத் தொடங்கினால் எழுந்து போய்விடுவாய். இப்போது ஏலாதே, கேள்.

என் மகளுக்கும் ஆஸ்துமாத் தொய்வு, உனக்கும் தொய்வு. அவள் கிளினிக்குக்குப் போய் வாயால் இழுக்கிற மருந்துப் பம்ப் எடுத்தாள், நீ போகவில்லை. படகு தேய்க்கும் தூளுக்குள் நின்று விசிலடிப்பதுபோல மூச்சுவிட்டுக்கொண்டு, "பம்ப் பழகினால் பிறகு விட ஏலாதடா" என்பாய். பீடியை விட ஏலாதவன் சொன்ன கதை! ஒன்பதாம் வகுப்போடு நின்ற எனக்கே சிரிப்பு வரும்.

ஆனால் நீ களவாகப் பழகியிருந்தாய். தேத்தண்ணி குடிக்க வரும் சாட்டில், எங்கள் அலுமாரிக்கு மேலிருந்த மகளின் நீலப் பம்பை இழுத்து இழுத்து முடித்திருக்கிறாய். பள்ளிக்கூட மைதானத்தில் நான் பார்த்துக்கொண்டு நிற்க அவள் ஓடிப் பழகியபோது புழுதியில் மூச்சு முட்டு வந்தது. பம்பை அழுத்தினாள். திரும்பவும் அழுத்தினாள். "அப்பா... முடிஞ்சுது" என்றாள். அவள் உதடு நிறம் மாறியதை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. ஒற்றைச் செருப்போடு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நான் வாங்கிய மூச்சைப் பார்த்து, ஆட்டோக்காரர் எனக்குத்தான் மூச்சு வருத்தம் என்று நினைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மருந்துப்புகை பிடித்து அவளுக்கு மூச்சு சீரான பிறகு, திராட்சைப் பையோடு வந்து நின்றாய்.

"ஒண்டு ரெண்டு தரம்தான் எடுத்தனான் மச்சான்."

"அப்ப மிச்சத்தை ஆர் எடுத்தது, பல்லியோ?"

"சின்னப் பிள்ளையளுக்கு நடுவில நான் ஒரு தடியன், கிளினிக் வரிசையில எப்பிடி நிக்கிறது?"

மகள் முகமூடிக்குள்ளிருந்து சிரித்தாள். "கேட்டிருந்தா நானே கூட்டிக்கொண்டு போயிருப்பன் மாமா."

அவள் அங்கேயே உன்னை மன்னித்துவிட்டாள். நான் திராட்சையை மட்டும் ஏற்றுக்கொண்டேன்.

பிறகு அவள் உன்னை இழுத்துக்கொண்டு போனாள். டொக்டர் இரண்டு பம்ப் தந்தார். நீலம் அந்த நேரத்து முட்டுக்கு. மண்ணிறம் வருத்தம் வராமலிருக்க, தினமும். மண்ணிறத்தை நீ உறைகூடப் பிரிக்கவில்லை. "சுகமா இருக்கேக்க ஏன்டா மருந்து?" என்றாய். விளக்கம் சொன்ன மகளைக் குட்டி டொக்டர் என்று கேலி செய்தாய். ஒரு காலை, படகுக்குள்ளிருந்து தேய்த்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்தாய். நீலத்தை இழுத்தும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வா என்றேன். "பொறடா" என்றாய். பொறுத்தது போதுமென்று உன்னை ஆட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரி வாசலில் உன் தலை என் தோளில் விழுந்தது. உன் தங்கைக்கு அதைப் போய்ச் சொல்லும் வேலையையும் என் தலையிலே கட்டிவிட்டுப் போய்விட்டாய்.

மகள் இப்போது பள்ளிக்கூட அஞ்சல் ஓட்டத்தில் ஓடுகிறாள். முட்டு எனக்கு வந்திருக்கிறது. ரெசின் வேலைதான் காரணமாம். வாய்க்கும் மூக்குக்கும் கவசம் போட்டுக்கொண்டு தேய்க்கிறேன், படகுக்கு வந்த கொள்ளைக்காரன்போல. கிளினிக் வரிசையில் ஒரு சிறுமி என் தொந்தியைப் பார்த்துவிட்டு, "அங்கிள், நீங்கள் ஆரைக் கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டாள். என்னைத்தான் என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. செத்துப்போகிற அளவுக்கு இல்லை.

சுகமான நாளிலும் காலையும் மாலையும் மண்ணிறத்தை இழுத்து, வாயைக் கொப்பளிக்கிறேன். அலுப்பு வந்து கை பின்வாங்கும்போது உன்னை நினைப்பேன், கோபம் வரும், இழுத்துவிடுவேன். இந்தக் கோபம் ஆறினால் மருந்தை மறந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆகவே, உன்னை மன்னிக்க நான் இன்னும் அவசரப்படவில்லை.