ஒன்பதாம் எண் காளான்

மார்ச் 2, திங்கள்
இன்றும் காளான் இழை வளரும் கண்ணாடித் தட்டுகளை அளந்தேன். போன மழைக்காலத்தில் மலைக்காட்டிலிருந்து கொண்டுவந்த சிப்பிக் காளான் வகைகள். எதன் வெள்ளை இழை தட்டில் வேகமாகப் பரவுகிறதோ, அதை வைத்துத்தான் புது ரகம் உண்டாக்குவோம். நாலாம் எண் குதிரை. ஒன்பது ஆமை. ஆமைகளைக் கழித்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆய்வகச் சட்டம்.

ஏசி அறையில் ஓட்டம் பார்த்து என்ன பயன்? வளர்ப்பவர்கள் தகரக் கொட்டகையில் அல்லவா வளர்க்கிறார்கள்? சூட்டில் மொட்டு விடுமா என்று பார்த்துவிட்டுத் தள்ளலாமே என்று மேலதிகாரி கோகுல்நாத்திடம் கேட்டேன்.

"ஓடறதைத்தானுங்க வெச்சுக்கோணும். நிக்கறதுக்கெல்லாம் சோறு போட இதென்ன சத்திரமுங்களா, விசாலாக்ஷி?"

கோயம்புத்தூர்க்காரர். மரியாதைக்கு ஒரு 'ங்க', அதற்குள் ஒரு குத்து. ரஞ்சன்காவ் ஆய்வகத்திலிருந்து வீடு வரும்வரை கம்பெனி பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 5, வியாழன்
ஹோலி விடுமுறை முடிந்து போனால் ஒன்பது இல்லை. கோகுல்நாத் அதை ஆட்டோகிளேவ் நீராவிக் கலத்தில் போட்டு அவித்துவிட்டார். ஃபிரிட்ஜில் அதன் மூல இழையைச் சேமித்திருந்த குழாயும் போச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?

என் மேசைக்கடியில் ஒரு பாட்டிலில், கோதுமையில் வளர்த்த ஒன்பதின் வித்து மட்டும் தப்பியிருந்தது. டிபன் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன். திருட்டா? இருக்கட்டும்.

மார்ச் 23
வானவடி வீட்டு பால்கனியில், ஈரச் சாக்குக்குப் பின்னால், வித்துப் போட்ட இரண்டு வைக்கோல் பைகள். என் கணவர் ஜெயந்த் இந்த மராத்தி ஊரிலேயே பிறந்த தமிழர். கோபம்கூட பாதி இந்தியில்தான். "அரே, துணி எங்க காயப் போடறது? ஆபீஸ் கச்ரா குப்பையெல்லாம் வீட்டுக்குள்ளயா?"

நானும் கத்தினேன். கோபம் அவர் மேல் இல்லை. அவர்தான் கையில் கிடைத்தார்.

ஏப்ரல் 14
வெளியே நெருப்பு வெயில். ஒன்பது மொட்டு விட்டிருக்கிறது!

ஏப்ரல் 16
கோகுல்நாத்திடம் சொல்லிவிட்டேன். போட்டோவும் காட்டினேன். கம்பெனித் தகரக் கொட்டகைச் சூட்டில் நாலாம் எண் பைகள் இழை பரவி வெள்ளை வெளேரென்று தொங்குகின்றன, பேருக்கு ஒரு காளான் இல்லை. அதைப் பற்றிப் பேச்சே காணோம்.

"கம்பெனிப் பொருளை ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போனீங்களா? மெமோ வருமுங்க."

நீ கொன்னதைத்தானேய்யா நான் வளர்த்தேன்! தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தின் மேல் இன்னும் அதிகக் கோபம்.

ஏப்ரல் 26, ஞாயிறு
கோகுல்நாத் வீட்டுக்கே வந்துவிட்டார், பழம் வாங்கிக்கொண்டு. எங்களிடம் உயிரோடு இருக்கிற ஒன்பது இந்த பால்கனியில் மட்டும்தானே. குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"மெமோவைக் கிழிச்சுப் போடறனுங்க. இதைக் குடுங்க."

மெமோ இருக்கட்டும் சார், கொட்டகைச் சூட்டில் வைத்துப் பார்க்காமல் இனி எந்த வகையையும் அவிக்கக் கூடாது, அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். முகம் சுருங்கியது. போட்டார். பேனா கொடுத்தது ஜெயந்த். நான் காபி கொடுக்கவில்லை.

ஜூன் 5
ஒன்பதையும் நாலையும் இணைக்கும் வேலை ஆரம்பித்தாயிற்று.

அடுத்த தொகுதியில் பதின்மூன்றாம் எண்ணும் தட்டில் ஆமைதான். அதனாலேயே எனக்குப் பிடித்துவிட்டது. கொட்டகையில் வைத்தோம். தண்ணீர் தெளித்தேன், சாக்கு மாற்றினேன், காலில் விழாத குறை. ஒரு மொட்டுகூட விடாமல் காய்ந்துபோனது. இன்று நானே எடுத்துப்போய் ஆட்டோகிளேவில் வைத்து மூடினேன். திட்டுவதற்கு ஆள் தேடினேன். யாரும் இல்லை.